பழைய எஞ்சினும் ஒரு மஷூராவும்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் படகு எஞ்சினைப் பற்றி எழுத வருவானேன் என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். கல்லூரியில் நான் படித்ததும் வரலாறுதானே தவிர இயந்திரக் கலை அன்று. ஆயினும், கடற்கரை ஊர்களில் வாழும் நம் குடும்பங்களில் ஏதேனும் ஒரு வீட்டிலாவது ஆண்டுதோறும் இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை: “எஞ்சின் பழசாகிவிட்டது, வேலை பார்த்து ஓட்டுவதா, மாற்றிவிடுவதா?” கேட்பதற்கு இது ஆண்களும் மெக்கானிக்கும் கடற்கரையில் நின்று பேசி முடிக்கும் காரியம்போல் தோன்றும். ஆனால் வீட்டிலுள்ள பெண்களின் நகை, வெளியில் வாங்கும் கடன், பிள்ளைகளின் படிப்பு, எல்லாவற்றிற்கும் மேலாகக் கடலுக்குச் செல்பவர்களின் உயிர் ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே குடும்பப் பத்திரிகையில் இதைப் பேசுவது பொருத்தமே என்று கருதுகிறேன்.

என் ராத்தாவின் கணவர், அதாவது என் மச்சான், மல்லிப்பட்டினத்திற்கும் அதிராம்பட்டினத்திற்கும் இடைப்பட்ட கரையில் வல்லம் வைத்துத் தொழில் செய்பவர். 30 அடி நீளமுள்ள மரவல்லம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அந்தக் கரையிலிருந்த படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கியெறிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் மச்சானின் வல்லம் பக்கப் பலகைகளை இழந்தது. மறு ஆண்டு ஓடாவி புதுப்பலகை வைத்துச் சீராக்கினார். அதில் பாயும் உண்டு, எஞ்சினும் உண்டு. பக்கத்து வல்லங்கள் பலவற்றில் பாயைக் கழற்றி வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டார்கள். மச்சான் மட்டும் அதை விடவில்லை. ஃபஜ்ருக்கு முன் கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துப் போவார். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு கடற்காற்று கரைநோக்கித் திரும்பும்; அதில் வீடு திரும்புவார். காற்று விழுந்துவிட்ட நாளிலும், நண்டு வலையை வளைத்து வாங்கும் நேரத்திலும், வானம் கறுத்து அவசரமாகக் கரைசேர வேண்டிய வேளையிலும்தான் எஞ்சின். சராசரியாக ஒரு நாள் தொழிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடும். ஆண்டில் 200 நாள் கடலுக்குப் போனாலும் 300 மணி நேரந்தான்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாய் உள்ள படகின் எஞ்சினுக்கும், இரவு பகலாக இழுவலை இழுக்கும் விசைப்படகின் எஞ்சினுக்கும் முதுமை ஒரே வழியில் வருவதில்லை. விசைப்படகு எஞ்சின் உழைத்துத் தேய்கிறது. பாய்ப்படகு எஞ்சினோ பெரும்பாலும் நின்று துருப்பிடிக்கிறது. மச்சானின் எஞ்சின் கடல்நீரையே உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் பழைய வகை. ஒன்றரை மணி நேரம் ஓடி நின்றபின், உப்புநீர் மறுநாள்வரை அதன் வயிற்றில் தேங்கி நிற்கிறது. வார்ப்பிரும்பை அது சும்மா விடுமா? மேலும், குறைந்த பளுவில் சிறிது நேரமே ஓடும் டீசல் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படுகிறது. எரியாத கரி வால்விலும் ரிங்கிலும் ஒட்டுகிறது. லைனரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி எண்ணெயைப் பிடித்து வைக்கும் தன்மையை இழக்கிறது. ஓடாத எஞ்சின் தேயாது என்று நம்மவர்கள் எண்ணுவது தவறு.

இரண்டு சிலிண்டர், 20 குதிரைச் சக்தி கொண்ட அந்த எஞ்சினுக்கு 22 வயது. சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்குமுன் அது தன் முதுமையைக் காட்டத் தொடங்கியது. அதிகாலையில் இரண்டு சுற்றில் பிடிக்கும் எஞ்சினை, மச்சானின் மூத்த மகன் தோள்பட்டை வலிக்கும்வரை சுற்ற வேண்டியிருந்தது. பிடித்த பிறகு சிறிது நேரம் வெள்ளைப் புகை. பின்னர் நீலப் புகை. ஒருநாள் நடுக்கடலில் நின்றே போயிற்று. அல்ஹம்துலில்லாஹ், பாய் இருந்தது. கரை வந்து சேர்ந்தார்கள். என் ராத்தா அன்று அஸரிலிருந்து மஃக்ரிப்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

மறுநாளே வீட்டில் பேச்சு எழுந்தது. மூத்த மகன், “புதிது வாங்கிவிடுவோம் வாப்பா” என்றான். மச்சானுக்கோ அந்த எஞ்சின் தம் வாப்பா மவுத்தாகுமுன் வாங்கிக் கொடுத்தது. அதைக் கழற்றுவதென்றால் குரல் இறங்கிவிடும். கரையில் மீன் எடுக்கும் வியாபாரி ஒருவர் தாமாகவே முன்வந்தார். புது எஞ்சினுக்குரிய தொகை முழுவதையும் தருகிறாராம்; வட்டி என்று ஒரு காசும் வேண்டாமாம்; தொகை தீரும்வரை பிடிக்கும் நண்டையும் மீனையும் அவருக்கே போட வேண்டுமாம், அவர் வைக்கும் விலையில். ராத்தா ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று தம் வளையல்களைக் கழற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

பிறகுதான் எனக்கு ஆள் வந்தது. “தம்பி, நீங்கள் இஸ்திகாரா செய்து ஒரு முடிவு சொல்லுங்கள்” என்றார் மச்சான்.

வாசகர்களே, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுக் கொடுப்பதுபோலவே கற்றுக் கொடுத்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அதன் சிறப்பில் ஐயமில்லை. ஆனால் நம்மில் பலர் அதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆக்கிவிட்டோம். தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல், கேட்டறிய வேண்டியவரிடம் கேட்டறியாமல், இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கிறோம். அதுவும் பிறரைத் தொழச் சொல்லிவிட்டு! இஸ்திகாரா செய்ய வேண்டியவர் மச்சான், நான் அல்லன். அதற்கு முன்பு மஷூரா. அந்த மஷூராவுக்கும் முன்பு, எஞ்சின் தன் வாக்குமூலத்தைத் தர வேண்டும். வாதியின் பேச்சை மட்டும் கேட்டுச் சாட்சியின்றித் தீர்ப்பளிக்கும் காழி உண்டா? இதை மச்சானிடம் பணிவாகவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அப்படியானால் மேஸ்திரியைக் கூப்பிடுவோம்” என்றார்.

வந்தவர் அறுபது வயதைக் கடந்தவர். நம் சமயத்தவர் அல்லர். ஆனால் அந்தக் கரையில் அவர் சொல்லுக்கு அனைவரும் கட்டுப்படுவர். எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே அவர் அரை மணி நேரம் கேள்விகள் கேட்டார். அவர் பார்த்த முறையை நான் அருகிலிருந்து கவனித்தேன். அதை இங்கே எழுதுவது பலருக்குப் பயன்படும்.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை மிகக் குறுகிய இடத்தில் அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்று கொதிசூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் தூவப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே அழுத்தம் கசிந்தால் எஞ்சின் பிடிக்காது. குளிர்ந்த காலையில் அது அடம்பிடிப்பதன் பொருள் இதுதான். புகையும் ஒரு மொழிதான். கறுப்பாக வந்தால் டீசல் மிகுதி, அல்லது காற்று போதவில்லை, அல்லது பளு தாங்கவில்லை. நாசிலையும் காற்று வடிகட்டியையும் பார்த்தாலே பெரும்பாலும் தீரும். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ரிங்கிலோ வால்வு கைடிலோ தேய்மானம். வெள்ளையாக வந்து எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் டீசல் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். சூடான பிறகும் விடாமல் வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகிறதோ என்று அஞ்ச வேண்டும்.

பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். குப்குப்பென்று புகை மேலே வந்தது. “பேக் கம்ப்ரஷன் அடிக்குது பாய்” என்றார். பிஸ்டனுக்கு மேலே நிற்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்பதே அதன் விளக்கம். அளவுகோலை மாட்டி இரண்டு சிலிண்டரின் அழுத்தத்தையும் தனித்தனியே பார்த்தார். முதலாவதில் குறைவு, இரண்டாவதில் மிகக் குறைவு. இரண்டாவதில் சிறிது ஆயிலை விட்டு மறுபடியும் அளந்தபோது முள் சற்று ஏறியது. அப்படி ஏறினால் குற்றம் ரிங்கிலும் லைனரிலும். ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். ஆயில் குச்சியை எடுத்துத் துணியில் தேய்த்துப் பார்த்தார். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருளாம். அது கறுப்பாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு தெரிந்தது.

“திறந்துதான் பார்க்கணும்” என்றார். “எவ்வளவு ஆகும்?” என்று மச்சான் கேட்டார். “ஒரு அறுபதாயிரம் வைச்சுக்குங்க.”

இந்த இடத்தில்தான் நான் குறுக்கிட்டேன். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது; அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். நாமோ நிக்காஹ் பத்திரிகைக்குப் பத்துமுறை திருத்தம் பார்க்கிறோம். பட்டறைக் கணக்கை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம். பழுது பார்க்கும் வேலையின் இயல்பு என்னவென்றால், ஒன்றைத் திறந்தால் இன்னொன்று தென்படும். “இவ்வளவு திறந்தாச்சு, இதையும் மாத்திடலாமே” என்பார்கள். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அறுபதாயிரம் ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும். ஆகவே, திறந்து அளந்து பார்ப்பதற்கு மட்டும் முதலில் ஒரு கூலி, அளவுகளையெல்லாம் எழுதித் தர வேண்டும், அதைப் பார்த்த பின்பே மேற்கொண்டு வேலை என்று பேசிக்கொண்டோம். மேஸ்திரி மனம் கோணவில்லை. உண்மையான வேலைக்காரர் எழுதுவதற்கு அஞ்சமாட்டார்.

காலமும் ஏற்றதாக அமைந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டல்லவா? விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் எஞ்சினைக் கழற்றும். லேத் பட்டறையில் இடமே கிடைக்காது. நாட்டு வல்லங்களுக்கோ அந்தத் தடை இல்லை. மீனுக்கு நல்ல விலை கிடைப்பதும் அந்நாட்களில்தான். வல்லக்காரர் அப்போது எஞ்சினைத் திறந்தால் இரட்டை நட்டம். வாடைக்காற்று அடித்துக் கடல் கலங்கிக் கிடக்கும் மழைக்காலமே அவருக்குரிய நேரம்.

எஞ்சின் திறக்கப்பட்டது. நான் முதலில் சொன்ன உப்பின் வேலை அங்கே கண்கூடாகத் தெரிந்தது. இரண்டாம் சிலிண்டர் லைனரில் தேய்மானத்தைவிடத் துருப்புள்ளிகளே மிகுதி. ரிங்குகள் கரியில் ஒட்டிப் பிஸ்டனோடு பிஸ்டனாகக் கிடந்தன. எக்ஸாஸ்ட் வால்வுகளின் விளிம்பு அரித்திருந்தது. ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டர் கொண்டு அளந்தபோது தேய்மானம் மிகச் சிறிது. கால் மில்லிமீட்டர் கடைந்து அதற்குரிய பேரிங் போட்டால் போதும் என்றார் லேத்துக்காரர். எல்லாவற்றையும்விட முக்கியமானது பிளாக். எஞ்சினின் உடல் அதுதான். தண்ணீர் ஓடும் அறைகளில் அடைந்திருந்த உப்புப் பொருக்கை எல்லாம் தட்டி எடுத்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். கசிவில்லை, விரிசலில்லை.

அன்றிரவு நான் சூரத்துல் கஹ்ஃப் ஓதிக்கொண்டிருந்தபோது, மூஸா (அலை) அவர்களும் கிழ்ர் (அலை) அவர்களும் ஏறிச் சென்ற படகின் வரலாற்றில் மனம் நின்றது. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகு அது. கிழ்ர் (அலை) அதை ஓட்டையாக்கினார்கள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான் என்பது பின்னால்தான் தெரியவருகிறது. குறை இருந்ததால் படகு உடையவர்களிடமே தங்கியது. நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் குறை எத்தகைய குறை என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? அது சரிசெய்யக்கூடிய குறை. அரசன் கடந்துபோனதும் ஒரு பலகையை வைத்து அடைத்துவிடலாம். படகின் அடிக்கட்டையை முறித்திருந்தால் அரசனுக்கும் உதவாது, ஏழைக்கும் உதவாது.

மறுநாள் மஷூராவில் இதையே அளவுகோலாக வைத்துப் பேசினேன். நம் எஞ்சினின் குறை பலகையிலா, அடிக்கட்டையிலா? லைனரும் ரிங்கும் வால்வும் பலகை போன்றவை, அவற்றை மாற்றலாம். பிளாக் அரித்துப்போயிருந்தாலோ, கிராங்க் ஷாஃப்ட் கடைய இடமின்றித் தேய்ந்திருந்தாலோ, உதிரிப்பாகம் கடைத்தெருவில் கிடைக்காமல் போயிருந்தாலோ, அது அடிக்கட்டைக் குறை. அப்போது பழையதில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். வீண் விரயம் ஷைத்தானுக்கு உடன்பிறப்பாக்கும் செயல் என்று நமக்கு எச்சரிக்கப்பட்டிருக்கிறது. “வாப்பா வாங்கித் தந்தது” என்ற பாசம் அங்கே செல்லாது. இதை மச்சானின் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கு எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. நல்லவேளையாக, பாசமும் அளவுகளும் இம்முறை ஒரே பக்கம் நின்றன.

மூத்த மகன் விடவில்லை. “புது எஞ்சின் டீசலை மிச்சப்படுத்துமே மாமா” என்றான். நியாயமான வாதம்; ஆகவே கணக்குப் போட்டோம். பழைய எஞ்சின் மணிக்கு 4 லிட்டர் வீதம் 300 மணி நேரத்திற்கு 1,200 லிட்டர் குடிக்கிறது. புதியது பத்தில் ஒரு பங்கு மிச்சப்படுத்துகிறதென்றே வைத்துக்கொள்வோம்: 120 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 10,800 ரூபாய். எழுதி வந்த மதிப்பீட்டின்படி பழையதைச் சீராக்க 85,000. புது எஞ்சினும் கியர் பாக்ஸும் 2,60,000, அதைப் பொருத்தும் செலவு 55,000, ஆக 3,15,000. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2,30,000. டீசல் மிச்சத்தால் அதை ஈடுகட்ட 21 ஆண்டுகள் ஆகும். வல்லத்தின் மரமே இன்னும் பத்தாண்டு தாங்கினால் பெரிது என்கிறார் ஓடாவி! இதே எஞ்சின் ஆண்டுக்கு 3,000 மணி நேரம் ஓடும் படகில் இருந்தால் மிச்சமும் பத்து மடங்காகி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் கணக்கு நேராகிவிடும். அங்கே புதியது வாங்குவதே அறிவு. ஆகவே பக்கத்து வீட்டார் மாற்றினார்கள் என்பதற்காக நாமும் மாற்றுவதற்கில்லை.

பொருத்தும் செலவு 55,000 எதற்கு என்று ராத்தா கேட்டார். நல்ல கேள்வி. கடையில் சொல்லும் விலை எஞ்சினின் விலைதான். படகில் ஓடும் எஞ்சினின் விலையன்று. பழையது கனமானது, நிதானமாகச் சுற்றுவது. புதியது எடை குறைந்தது, வேகமாகச் சுற்றுவது. அது உட்காரும் கட்டைகளை மாற்றியமைக்க வேண்டும். ஷாஃப்ட்டும் விசிறியும் புதிய வேகத்திற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். புகைக்குழாய், தண்ணீர்க்குழாய் எல்லாமே இடம் மாறும். பின்பக்கத்து எடை குறைந்தால் வல்லம் தண்ணீரில் உட்காரும் சமநிலையும் மாறிப் பாய் பிடிப்பதுகூட வேறுபடும். இதில் மேஸ்திரி சொன்ன நுணுக்கம் ஒன்று என்னைக் கவர்ந்தது. எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் நேர்கோட்டில் நிறுத்தும் வேலையை, வல்லம் மணலில் இருக்கும்போது முடித்துவிடக் கூடாதாம். தண்ணீரில் இறங்கியதும் மரத்தின் வளைவு மயிரிழை மாறும். மிதக்கவிட்டு, இணைப்புத் தகடுகளுக்கிடையே ஃபில்லர் கேஜ் வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத அவசரக்காரர்களின் புது எஞ்சின் ஓராண்டுக்குள் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடுகிறது.

பழைய எஞ்சினை விலைக்கு வாங்கிப் போடலாமே என்று இளையவன் மெல்லக் கேட்டான். பிறர் கழற்றிய எஞ்சினுக்குள் என்ன இருக்கிறதென்று யார் அறிவார்? மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி விற்பவருக்கு உரியது. வாங்குபவருக்கோ குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கும் பாடம் அதிலே இருக்கிறது. நம் எஞ்சினின் நோய் இன்னதென்று இப்போது நமக்குத் தெரியும்.

வியாபாரியின் உதவிக்கு வருவோம். அவர் கெட்டவர் அல்லர். அந்தக் கரையின் வழக்கமே அதுதான். ஆனால் கடன் கொடுத்தவர் அக்கடனைக் காரணமாக வைத்து ஆதாயம் பெறுவது வட்டியின் வாசலே என்று ஃபுகஹாக்கள் எச்சரித்திருக்கிறார்கள். விலையை அவரே வைப்பார், வேறெவருக்கும் விற்கக் கூடாது என்பது ஆதாயமன்றி வேறென்ன? வட்டி என்ற சொல் இல்லாவிட்டால் வட்டி இல்லாமற் போய்விடுமா? அன்றைய அரசன் படகையே பறித்தான். இங்கே படகு நம் மணலில்தான் நிற்கும், அதன் உழைப்பு மட்டும் வேறொருவருடையதாகிவிடும். மச்சான் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “சரிதான்” என்றார். அவரிடம் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

ராத்தாவின் வளையல்கள் தட்டிலேயே இருந்தன. அவை மஹராக வந்தவை. பெண்ணின் மஹர் பெண்ணுக்கே உரியது. கணவனுக்கு நெருக்கடி வந்துவிட்டது என்பதற்காக அது குடும்பப் பொதுச் சொத்தாகிவிடாது. அவர் மனமுவந்து கொடுத்தால் மச்சான் பெற்றுக்கொள்வதில் தடையில்லை. ஆனால் மனமுவந்து கொடுத்தாரா, கணவரும் மக்களும் கடலில் நின்றுபோன அச்சத்தில் கொடுத்தாரா? நம் வீடுகளில் இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை. புது எஞ்சின் என்று முடிவாகியிருந்தால் அந்த வளையல்கள் போயிருக்கும். 85,000 என்றதும் வேறு வழி தென்பட்டது. கையிலிருந்த சேமிப்பு பாதி. மீதிக்கு என் சிறிய தந்தையார் மகன் கர்ளன் ஹஸனாவாகத் தந்தார். தவணையும் சாட்சியும் எழுதப்பட்டன. ராத்தா வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகே மச்சான் இஸ்திகாரா தொழுதார்.

இன்னொரு கேள்வியையும் மேஸ்திரிதான் கிளப்பினார். “இருபத்திரண்டு வருஷமா எஞ்சின் பங்கு எடுத்தீங்களே பாய், அது எங்கே?” நம் கரையில் பிடித்த மீன் விற்று, டீசல் செலவு கழித்த பின் பங்கு பிரிக்கும்போது ஆட்களுக்குப் பங்கு, வல்லத்துக்கும் வலைக்கும் பங்கு, எஞ்சினுக்கும் பங்கு உண்டு. எஞ்சின் தேய்வதற்கு ஈடாக ஒதுக்கப்படுவது அது. ஆனால் எந்த வீட்டில் அது எஞ்சினுக்காகக் காத்திருக்கிறது? அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் பெருநாள் துணியாகவும் மாறிவிடுகிறது. உரிமையாளரின் பணந்தான், தவறென்று சொல்ல எனக்கு வாயில்லை. என்றாலும் இனி அந்தப் பங்கில் பாதி தனியாக ஒரு டப்பாவில் விழ வேண்டுமென்றும், அதன் சாவி ராத்தாவிடம் இருக்க வேண்டுமென்றும் முடிவாயிற்று. மூத்த மகனுக்கு அதில் மகிழ்ச்சி. பத்தாண்டில் வல்லம் மாறும்போது அவன் விரும்பிய புது எஞ்சினுக்கு முதல் அதுதானே. அன்றைக்கு மீன்வளத்துறை மானியம் ஏதேனும் இருந்தால் விண்ணப்பித்துக்கொள்ளலாம். இதைப் படிக்கும் வல்லக்காரர்களும் அவ்வலுவலகத்தில் கேட்டறியாமல் வெளிக்கடனுக்குப் போக வேண்டாம். எஞ்சினை மாற்றினால் படகின் பதிவு ஆவணத்திலும் அதைத் தெரிவித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

வேலை முடிய 19 நாட்கள் ஆயின, செலவு 91,000. தண்ணீர் பம்பும் போய்விட்டிருந்தது. அதற்குத் தனியே எழுதி வாங்கிச் சம்மதம் கேட்ட பின்பே மேஸ்திரி மாற்றினார். புதிய ரிங்குகள் லைனரோடு பழகும்வரை, முதல் 50 மணி நேரத்திற்கு முழு வேகம் கூடாது. அதே வேளையில் வெறுமனே மெல்ல ஓட்டிக்கொண்டிருப்பதும் கூடாது, நடுத்தரப் பளு கொடுக்க வேண்டும். அந்த 50 மணி முடிந்ததும் ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். கரை சேர்ந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீரை உள்ளே இழுக்கவிட்டு உப்பைக் கழுவிய பின்பே எஞ்சினை நிறுத்த வேண்டும். கடலுக்குப் போகாத வாரத்திலும் ஒருநாள் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட வேண்டும். இவற்றையெல்லாம் மேஸ்திரி வாயால் சொல்ல, இளையவன் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டான். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கை அந்த நோட்டில் நாள்தோறும் குறிப்பவனும் அவன்தான்.

சென்ற வாரம் போயிருந்தபோது கணக்கு 140 மணியைத் தொட்டிருந்தது. இரண்டு சுற்றில் பிடிக்கிறது. நீலப் புகை இல்லை. கியர் பாக்ஸில் மட்டும் பின்னோக்கிப் போடும்போது ஒரு கரகரப்பு கேட்கிறதாம். நண்டுக் காலம் முடிந்ததும் அதைத் திறந்து பார்ப்பதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பார்ப்பதற்கு மட்டும் என்ன கூலி என்பதை மச்சான் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருக்கிறார்.